மாதிரிக் குழந்தை தேவை

சிறப்புக் கல்வியின் உலக வரலாற்றிலேயே ஒரு குழந்தையைக்கூட அழவிடாத அலுவலகம் எங்கள் மண்டல ஆதரவு மையம் ஒன்றுதான் என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பதினொரு ஆண்டுகளில் எங்கள் வளாகத்தில் ஒரு சிணுங்கல் கேட்டதில்லை. கம்பளத்தில் கறை இல்லை, சுவரில் கிறுக்கல் இல்லை. இந்தச் சாதனைக்கு நாங்கள் கையாண்ட முறை மிக எளிது. குழந்தைகளை உள்ளே விடுவதில்லை.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்காகத்தான் உயிரைக் கொடுத்து உழைக்கிறோம். காது கேளாத, பேச்சு வராத, நடை தள்ளிப்போகிற குழந்தைகளை மூன்று வயதுக்குள் கண்டுபிடித்து உதவிவிட வேண்டும் என்பது திட்டம். "ஆரம்பநிலை இடையீடு" என்று அதற்குப் பெயர். ஊருக்கு ஊர் ஒரு சின்ன மையம் உண்டு. அங்கே ஒரு டீச்சர் குழந்தையைப் பார்ப்பார். அந்த டீச்சரை மாவட்ட அலுவலகம் ஆதரிக்கும். மாவட்டத்தை மாநிலம் ஆதரிக்கும். அப்படிப்பட்ட ஐந்து மாநிலங்களை நாங்கள் ஆதரிப்போம். எங்களை யார் ஆதரிப்பது என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரு கருத்தரங்கு நடக்க இருக்கிறது.

அடியேன் இந்த மையத்தின் துணை இயக்குநர். 'காத்திருக்காதீர்கள்!' என்ற புகழ்பெற்ற கையேட்டை எழுதியவன். எழுதி முடித்து அச்சுக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின. தலைப்புக்கு ஆச்சரியக்குறி ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதிலேயே ஒன்றரை ஆண்டு போனது. அட்டைப்படத்தில் தவழ்கிற குழந்தை வெளியீட்டு விழாவுக்குப் பள்ளிச் சீருடையில் வந்து, அட்டையைத் தானே வாசித்துக் காட்டியது. எல்லோரும் கைதட்டினோம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எங்கள் இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார். ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு 'நேரடி' என்ற சொல்லின் மேல் ஒரு பித்து.

"அஞ்சு மாநிலத்துலேர்ந்தும் எழுபது அதிகாரிங்க வர்றாங்க. நம்ம புது சரிபார்ப்புப் பட்டியலைச் சும்மா திரையில போட்டுக் காட்டினா பத்தாது. ஒரு குழந்தையை வெச்சு நேரடியாக் காட்டணும்" என்றார்.



"குழந்தைன்னா... எந்த மாதிரி சார்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர், பேனாவைத் திறந்து.

"குறை ஒண்ணும் இல்லாத குழந்தை. எல்லாக் கேள்விக்கும் 'ஆம்'னு வரணும். குறையுள்ள குழந்தையைக் கூப்பிட்டா நிகழ்ச்சி இழுத்துட்டுப் போகும். சாப்பாடு ஆறிடும்."

ஸ்டோருக்குப் போன் போட்டோம். "பொம்மை நாப்பது பெட்டி இருக்கு சார், இன்னும் பிரிக்கலை. குழந்தை ஸ்டாக்ல இல்லை. மேலிடத்துக்கு எழுதிப் போடவா?" என்று கேட்டார் ஸ்டோர்காரர். கடமை என்றால் அப்படிப்பட்ட மனிதர்.

அப்போதுதான் நான் கையைத் தூக்கினேன்.

"என் தங்கச்சி பொண்ணு இருக்கா சார். பட்டுன்னு கூப்பிடுவோம். ரெண்டு வயசு நாலு மாசம். பக்கத்துல இடி விழுந்தாக்கூட தன் வேலையைப் பார்த்துட்டு இருப்பா. அப்படி ஒரு அடக்கம்."

"அதுதான் வேணும்!" என்றார் இயக்குநர்.

தங்கை வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் துணி தைக்கிறவள். நான் போனபோது மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் காலடியில், ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை, பட்டு பூப்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு சமர்த்து என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். ஆரம்பநிலை இடையீட்டில் எனக்குப் பதினொரு ஆண்டு அனுபவம் என்பதை இந்த இடத்தில் மீண்டும் நினைவூட்டுகிறேன்.

தங்கை மெஷினை நிறுத்தினாள். "அண்ணா, நீங்களே வந்துட்டீங்க. இவ இன்னும் ஒரு வார்த்தை பேசலைண்ணா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா."

இதை அவள் என்னிடம் சொல்வது நான்காவது முறை. முதல் முறை சொன்னபோது பட்டுவுக்கு ஒரு வயது. அன்று சொன்ன பதிலையே நான் இன்றும் மாற்றவில்லை. கொள்கைப் பிடிப்பு என்றால் அதுதானே.

"தானா பேசிடுவா. நான்கூட மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலையாம். இப்பப் பாரு, மீட்டிங்ல என்னை உக்கார வைக்க ரெண்டு ஆள் தேவைப்படுது."

"காது கேக்கலையோன்னு பயமா இருக்குண்ணா."

"சும்மா எதையாவது உளறாதே. கதவை அறைஞ்சா திரும்பறாளா இல்லையா?"

"தரை அதிருதுண்ணா. அதுக்குத் திரும்பறா. மெதுவாச் சாத்தினா திரும்பறதில்லை."

பிறகு மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்தாள், என் கையேட்டை! பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. ஒரு வாசகி!

"இதுல ஒன்பதாம் பக்கத்துல, 'தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லும் உறவினர்களை நம்பாதீர்கள்'னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அட, அது பொதுமக்களுக்கு எழுதினதும்மா. நீ என் தங்கச்சி. உனக்கும் அதுவா?" என்றேன். "மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"உங்கண்ணன் அந்தத் துறையிலேயே பெரிய ஆளு, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடும்னு சொல்றார்."

"விவரமான மனுஷன்" என்றேன். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கையேட்டை மூடினாள். "அங்க யாராவது இவளைப் பார்ப்பாங்களாண்ணா?"

"யாராவதா? எழுபது பேர் பார்ப்பாங்க!"

அவள் கண் கலங்கிவிட்டது. மேடைக்கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி நாள். மேடையில் புது விரிப்பு, அதன்மேல் மரக்கட்டைகள், கட்டைகளின் நடுவே பட்டு. எழுபது அதிகாரிகள், எழுபது கோப்புகள், எழுபது தண்ணீர் பாட்டில்கள். விதிப்படி ஒரு "களப் பிரதிநிதி" இருந்தாக வேண்டுமாம். அதற்காக நகரத்தின் சின்ன மையத்திலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்துக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தோம். தங்கைக்கும் அங்கேதான் இடம்.

முதல் இரண்டு கேள்விகளும் பிரமாதமாகப் போயின. கட்டைகளை அடுக்குகிறாளா? ஆம். முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? ஆம். இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பதவி உயர்வு கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாம் கேள்வி: பின்னாலிருந்து மணி அடித்தால் திரும்புகிறாளா?

அடித்தேன். பட்டு ஐந்தாவது கட்டையை வைத்தாள். மறுபடி அடித்தேன். ஆறாவதை வைத்தாள்.

"மணியில ஏதோ கோளாறு" என்றார் இயக்குநர் மைக்கில். உடனே சாப்பாட்டுக் கூடத்து மணியைக் கொண்டுவந்து உதவியாளர் ஓங்கி அடித்தார். வாசலில் நின்றிருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் தட்டு எடுக்க ஓடினார்கள். பட்டு ஏழாவது கட்டையைச் சரிபார்த்து வைத்தாள்.

"பட்டூ!" என்று நான் மைக்கை அவள் பின்னந்தலைக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தினேன். மைக்குக்கு அது பிடிக்கவில்லை. 'கீ' என்று ஒரு வீறிடல் கிளம்பியது பாருங்கள், எழுபது அதிகாரிகளும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். துறையில் இப்படி ஒருமித்த முடிவை நான் கண்டதே இல்லை.

பட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே எழுபது பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரே குஷி. ஏதோ புது விளையாட்டு என்று எண்ணித் தானும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கலகலவென்று சிரித்தாள்.

"காதைப் பொத்துறா! கேக்குது! கேக்குது!" என்று முன்வரிசை எழுந்து நின்றது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மூன்றாம் கேள்விக்கும் நான் 'ஆம்' என்று கொட்டை எழுத்தில் குறித்துக்கொண்டேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து டீச்சர் எழுந்து வந்தார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரே இல்லை. மேடையேறி, பட்டுவுக்கு முன்னால் மண்டியிட்டுச் சிரித்தார். பட்டுவும் சிரித்தாள். பிறகு டீச்சர் அவளுக்குப் பின்னால் போய், மணியை வாங்கி, காதுக்கு ஒரு சாண் தள்ளி அடித்தார். பட்டு கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மறுபடி முன்னால் வந்து, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தார். பட்டு அந்த உதட்டையே விழுங்கிவிடுவதுபோலப் பார்த்தாள்.

"அவ நம்மளைப் பார்த்துப் பொத்தினா சார். சத்தம் கேட்டு இல்லை" என்றார் டீச்சர். "இந்தப் பொண்ணுக்குக் காது கேக்கலை."

இயக்குநர் முகம் சுருங்கியது. "அதெப்படிம்மா? இது மாதிரிக் குழந்தை. குறை இருக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கையே போட்டிருக்கோம்."

ஒரு மாநிலத்தவர் எழுந்து, மூன்றாம் கேள்வி குழந்தைகளுக்குச் சற்றுக் கடினமாக இருப்பதாகவும், அதை நீக்குவதற்கு ஒரு குழு அமைக்கலாம் என்றும் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். குழுத் தலைவராக என்னைப் போடலாம் என்று யாரோ சொன்னபோது, கடைசி வரிசையில் என் தங்கை எழுந்தாள்.

"ஒரு வருஷத்துக்கு மேலாச் சொல்லிட்டு இருக்கேண்ணா" என்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "நாலு தடவை சொன்னேன். நீங்க வேற யாராவதா இருந்திருந்தா அன்னைக்கே வேற இடத்துக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். நீங்க சொன்னீங்களேன்னுதான் சும்மா இருந்தேன்."

   அத்தனை பேர் முன்னால் மானம் போனதற்காக வெட்கப்பட்டேன். அப்புறம், மானத்தைப் பற்றியா நினைக்கிறாய் என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

இயக்குநர் என் காதில் கிசுகிசுத்தார். "குழந்தை விவகாரம் கீழேர்ந்து மேலே வரணும்பா. இது நேரா மேலேயே வந்துடுச்சு. கீழே அனுப்ப நம்மகிட்ட வழிமுறை கிடையாது. ஆறு மாசத்துல ஒண்ணு தயார் பண்ணிடலாம்."

"வாசல்ல பஸ் இருக்கு சார்" என்றார் டீச்சர். "நாலே ஸ்டாப்."

அப்படியாக, என் பணிக்காலத்தில் முதன்முறையாக ஓர் ஆரம்பநிலை மையத்துக்குள் கால் வைத்தேன். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. பாய், நிலைக்கண்ணாடி, ஓர் உடைந்த மேளம். சுவர் முழுக்கக் கிறுக்கல். மூலையில் ஒரு குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. யாரும் அதற்காக விளக்கம் கேட்கவில்லை.

டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ஐந்து நிமிடத்தில் வியாழக்கிழமை காலைக்குக் காது பரிசோதனை உறுதியானது.

"காது மெஷின் வெச்சுப் பழக்கினா பேச்சு வருமா டீச்சர்?" என்று கேட்டாள் தங்கை.

"என்ன அளவுன்னு பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். மூணு வயசு ஆகலை இல்ல, பாடுபடலாம். ஆனா ஒரு வயசுலயே வந்திருந்தா..." டீச்சர் என்னைப் பார்த்தார். 

நான் சுவரைப் பார்த்தேன். அந்த ஒரு வருஷம் நாலு மாசத்தையும் நான்தான் தின்று தீர்த்திருக்கிறேன். அதுவும் தங்கை வீட்டுக்கே போய், அவள் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே தின்றிருக்கிறேன்.

டீச்சர் பதிவுப் படிவத்தை எடுத்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எங்கள் மையம் வடிவமைத்த படிவம், வாசகங்கள் என்னுடையவை. 'தாமதமாக வரக் காரணம்' என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். டீச்சர் தங்கையிடம் ஒன்றும் கேட்காமலே 'உறவினரின் தவறான ஆலோசனை' என்பதில் டிக் போட்டார். அதற்கு அடுத்த வரி, 'மேற்படி உறவினரின் கல்வித் தகுதி'.

"நான் முனைவர் பட்டம் வாங்கியிருக்கேன் டீச்சர்" என்றேன் மெதுவாக. "இதே துறையிலதான்."

"அதுக்குக் கட்டம் இல்லையே சார். 'படிக்காதவர்', 'தொடக்கப் பள்ளி வரை', ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

உண்மைதான். அதற்கு மேல் படித்தவர் எவரும் அப்படி ஓர் ஆலோசனை சொல்ல வாய்ப்பே இல்லை என்று மூன்று அமர்வுகள் விவாதித்து முடிவெடுத்தோம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். இப்போது படிவத்தைத் திருத்த வேண்டும் என்றால் மண்டலக் குழு கூட வேண்டும். அதுவரை பட்டுவின் பதிவு நிற்கும். ஆகவே கல்வியுலகம் மன்னிக்கட்டும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, மிகுந்த பெருந்தன்மையோடு சொன்னேன்:

"பரவாயில்லை டீச்சர், 'படிக்காதவர்'ங்கிற கட்டத்துலயே டிக் பண்ணிடுங்க."

"அதை அப்பவே பண்ணிட்டேன் சார்" என்றார் டீச்சர், அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.