நண்டுக்கறி அடிப்பிடித்தது பற்றி மேனகா மாமிக்கு

வெள்ளவத்தை,
போயாவுக்கு அடுத்த ஞாயிறு

அன்புள்ள மேனகா மாமிக்கு,

நண்டுக்கறியை அடிப்பிடிக்க வைத்தது நீங்கள்தான். ஐயாயிரம் மைலுக்கு அப்பால், லண்டனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் ஒரு சட்டியை எரிக்க எங்கள் குடும்பத்தில் உங்களால் மட்டும்தான் முடியும்.

நிற்க. இங்கு உங்கள் மூன்று படுக்கையறைகளும் நலம். சோபா நலம். திரைச்சீலைகள் நலம். அவற்றைக் காவல் காக்கும் நானும் நலம். அதுபோல் அங்கு தாங்களும், மாமாவும், மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன். வொய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீங்கள் பாதியில் நிற்பாட்டிவிட்டு உங்கள் கதையைத் தொடங்குவீர்கள் என்பதால், இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே கதைக்க முடியாது.

முதலில் சில உண்மைகள். உங்கள் வீட்டுப் படுக்கையறைகள் மூன்றும் ஆண்டில் பதினொன்றரை மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. நீங்கள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் நாலு நாளும் வரும் வழியில் ஐந்து நாளும் திறக்கப்படுகின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த உங்கள் தம்பி மகள், அதாவது நான், படுப்பது குசினிக்குப் பின்னால் உள்ள வேலைக்காரர் அறையில். அந்தக் கட்டிலில் நேராகப் படுத்தால் கால் சுவரில் முட்டும், ஆகவே ஒரு வருடமாக மடங்கியே படுக்கிறேன். குசினியில் கேத்திலும் ரைஸ் குக்கரும் மட்டும் பாவிக்கலாம். காஸ் அடுப்பு மூட்டக் கூடாது. மீன், நண்டு கூடவே கூடாது, மணம் திரைச்சீலையில் ஏறும். கதவளவு ரீவியில் கடைக்காரன் ஒட்டிவிட்ட பொலித்தீனை உரிக்கக் கூடாது. இதையெல்லாம் நான் மீறுகிறேனா என்று பார்க்க வரவேற்பு ஹோலில் ஒரு கமெரா. கள்ளனுக்குப் பூட்டினது என்று சொன்னீர்கள். கள்ளன் வருகிற இடம் வாசல், மாமி. அது பார்த்துக்கொண்டிருப்பது குசினிக் கதவை.

இனிப் பௌர்ணமிப் போயா நாளுக்கு வருகிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கொம்பனியில் ஹெட்செற் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் நாள் முழுக்க ஏச்சு வாங்குவது என் வேலை. அந்தக் கிழமை மட்டும் மூன்று பேர் என் பரம்பரையை விசாரித்தார்கள். போயாவுக்கு லீவு. காலையில் எழும்பி, இன்றைக்கு எண்ணெய் வைத்து முழுகுவது என்று முடிவெடுத்தேன். அவ்வளவுதான் என் குற்றம், மிச்சமெல்லாம் அதன் பின்னால் வந்தவை. முழுகின நாளில் உறைப்பாகச் சாப்பிட வேணும், இல்லாவிட்டால் தடிமன் பிடிக்கும். உறைப்பாகச் சாப்பிட்டால் கண் சொருகும். ஆனால் முழுகின நாளில் பகல் நித்திரை கொள்ளவே கூடாது. இந்த மூன்று சட்டத்தையும் சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். ஆகவே முழுக்கு, நண்டுக்கறி, நித்திரை வராமலிருக்க ஒரு படம். என்னைக் கூண்டில் ஏற்றினால் சட்டம் போட்டவவும் பக்கத்தில் நிற்க வேணும்.

முதல் நாளே மாக்கெற்றில் நல்ல கனமான நண்டாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தேன். உங்கள் காஸ் அடுப்பை மூட்டினேன், ஓம், மூட்டினேன், வெங்காயம் வதக்கி, எங்கட அம்மா ஊரிலிருந்து அனுப்பின தூளைப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலையைக் கடைசியில் போடுவதற்கு உருவி வைத்துவிட்டு, நெருப்பைக் குறைத்து மூடியைப் போட்டுவிட்டு முழுகப் போனேன். வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் வாளிச் சத்தம். எங்கள் அடுக்குமாடிப் பிளட்ஸில் படிக்கட்டும் கொரிடோரும் கழுவுகிற சீனியம்மா. மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டப் பக்கத்து மனிசி. போயாவுக்கு நாடு முழுக்க லீவு, அவவுக்கு இல்லை. இதே ஒழுங்கையின் முனையில் ஆறு பெண்கள் ஒரு அறையில் படுக்கிறார்கள், அதில் ஒருத்தி அவ. உங்கள் மூன்று மெத்தைகளும் ஆரையும் காணாமல் கிடக்கும் இடத்திலிருந்து அந்த அறை நூறு மீற்றர்.

“என்னா புள்ள, நண்டு வாசம் கீழ் மாடி வரைக்கும் தூக்குது,” என்றா.

“வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றேன்.

“மொதல்ல அந்தத் தலய காய வையி. சாம்பிராணி இருக்கா?”

சாம்பிராணி இருந்தது, தணல் இல்லை. அவ ரெண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தேடி எடுத்து, அடுப்பில் பத்தவைத்து, பழைய சட்டி ஒன்றில் போட்டு ஊதி ஊதித் தணலாக்கி ஹோலுக்குக் கொண்டுவந்தா. மற்ற அறைகள் பூட்டு, என்ட அறையில் நான் நின்றால் புகைக்கு இடமில்லை, ஆகவே ஹோல். சாம்பிராணியை அள்ளிப் போட்டா பாருங்கோ மாமி, எனக்கு அவவையே தெரியேல்லை, அவவுக்கு என்னையே தெரியேல்லை. அதுக்குள்ள நான் முகத்துக்குக் கடலைமாவும் தயிரும் மஞ்சளும் குழைத்துப் பூசியிருந்தனான். அந்தக் கோலத்தில நிமிர்ந்தால் கமெரா. மாமா பார்ப்பார், உங்கட பொடியங்கள் பார்ப்பாங்கள் எண்டு வெக்கமாப் போச்சு, தலை துவட்டின ஈரத் துவாயை எடுத்து அதுக்கு மேல போட்டன்.

அந்த நேரம் உங்களுக்குக் காலை ஏழு மணி. நீங்கள் கண்டது முதலில் புகை, பிறகு இருட்டு. நெருப்புப் பிடித்துக் கமெராவும் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினீர்கள். எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பிளட்ஸ் கொமிற்றிச் செயலாளர் யேசுரட்ணம் அங்கிளுக்கு எடுத்தீர்கள்.

அங்கிள் ரெண்டாம் மாடி, எழுபத்திரண்டு வயது. லிஃப்ற் பக்கத்தில் தொங்குகிற சிவப்புத் தீயணைப்பு உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “கின்தர, மல்லி, கின்தர!” என்று கீழே நிற்கிற செக்கியூரிற்றித் தம்பிக்குச் சிங்களத்தில் நெருப்புச் செய்தியைக் கத்தினபடி ஏறி வந்து கதவை இடித்தார். நான் திறந்தேன். புகைக்கு நடுவில் மஞ்சள் முகத்தோடு ஒரு உருவத்தைக் கண்டதும் பின்வாங்கிவிட்டார்.

“யேசுவே! பிள்ளைக்கு முகம் வெந்து போச்சு!”

“அங்கிள், இது கடலைமா.”

“கடலைமாவோ? அதுவும் எரிஞ்சிட்டுதோ?”

சொல்லிக்கொண்டே ஊசியை இழுத்து உருளையை என்னை நோக்கி அமத்தினார். “ஸ்” என்று ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. அதன் ஆயுள் முடிந்து ஐந்து வருடமாம், பிறகு லேபலைப் பார்த்தோம். அந்த உருளையைக் காட்டித்தான் கொமிற்றி வருசாவருசம் பாதுகாப்புக் கூட்டம் வைக்கிறது. நான் கதவடியில் நின்று “எரியேல்லை அங்கிள், ஒண்டும் எரியேல்லை” என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடமும் குசினியில் உண்மையாகவே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இப்போது விளங்குகிறதா மாமி, கறியை எரித்தது ஆர் என்று?

சீனியம்மாதான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினா. “கிண்டாத புள்ள, மேலாக்க அள்ளு,” என்று அடியைத் தொடாமல் மேலே இருந்ததை வேறு சட்டிக்கு மாற்றி, முருங்கையிலையைப் போட்டு மூடினா. முக்கால்வாசி தப்பியது. நான் அதுக்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியப்பாவின் மகன் பிரதீஸ் அண்ணா. போயாவுக்கு ரோட்டில் சனமில்லை, மோட்டர்சைக்கிளில் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். ஹெல்மெற்றைக் கழற்றாமல் நேரே உங்கள் படுக்கையறைப் பூட்டை உலுப்பிச் சாவியைத் தேடினார்.

“அண்ணா, நான் இங்க நிக்கிறன்.”

“கண்டனான், கண்டனான். திறப்பு எங்க? அலுமாரியில வீட்டு உறுதிப் பத்திரம் இருக்காம், முதல்ல அதை வெளிய எடுக்கட்டாம் மாமி.”

“என்னைப் பற்றி என்ன சொன்னவ?”

அண்ணா அப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றினார். நல்ல மனிசன், பொய் சொல்ல வராது. “நீ நிண்டா நீயே எடுத்துத் தரலாம் எண்டவ.”

அதைக் கேட்டு அங்கிள்தான் முதலில் சிரித்தார். பிறகு சீனியம்மா. பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. மாமி, சத்தியமாக அந்த நேரம் கோபம் வரவில்லை, பசிதான் வந்தது. நாலு கோப்பையில் சோறு போட்டேன். அங்கிளுக்குக் கொலஸ்ட்ரோல், அவர் மனைவி யோசெப்பின் அன்ரி நண்டைக் கண்ணிலும் காட்டுவதில்லை. ஆகவே அவர் நண்டுக்காலை உடைத்து உறிஞ்சின சத்தம் கோல்பேஸ் கடலுக்குக் கேட்டிருக்கும். “நெருப்பெண்டால் இப்பிடிப் பிடிக்கவேணும்,” என்றார். சாப்பிட்டதும் எனக்குக் கண் சொருகியது. சட்டம் இருக்கிறதே, ரீவியின் பொலித்தீனை ஒரு மூலையில் பிடித்து இழுத்தேன். அந்தச் சத்தத்தில் இருக்கிற சுகத்தை நீங்கள் மூன்று வருடமாக உங்களுக்கே மறுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஒரு குடும்பப் படம் போட்டோம். கதாநாயகி முதல் பாதி முழுக்க அழுதுகொண்டே பதினைந்து பேருக்குச் சோறு பரிமாறினாள்.

“இவ ஒருவாட்டி ஒக்காந்து திங்க மாட்டாளா?” என்றா சீனியம்மா.

“பொறுங்கோ, இடைவேளைக்குப் பிறகு திருந்துவினம்,” என்றார் அங்கிள்.

“யாரு, அவளா, அவுங்களா?”

இதைச் சொல்லும்போது அவ தரையில் இருந்தா. நாங்கள் மூவரும் சோபாவில். சட்டியைக் காப்பாற்றின மனிசி தரையில், காலாவதியான உருளையோடு வந்த மனிதர் சோபாவில். எனக்குச் சோறு இறங்கினது போதாமல் வெட்கமும் இறங்கியது. “மேல வந்து இருங்கோ,” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அங்கிள் ஒருமுறை தொண்டையைச் செருமினார். கழுவ வருகிற ஆட்கள் லிஃப்றில் ஏறக் கூடாது என்று நோட்டீஸ் போட்டவர் அவர்தான். ஆனால் கையில் இன்னும் நண்டு இருந்ததால் அரைச் சாண் தள்ளியிருந்தார். சீனியம்மா சோபா விளிம்பில் இருந்தா. அந்த நேரம் பார்த்து, வீட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று உங்களுக்குக் காட்டுவதற்காகப் பிரதீஸ் அண்ணா எழும்பிப் போய்க் கமெராவின் துவாயை எடுத்தார்.

உங்கள் வொய்ஸ் மெசேஜ் ஒரு நிமிடத்தில் வந்தது. வீடு எரியவில்லையா என்று கேட்பீர்கள் என நினைத்தேன். “ஆர் அந்த மனிசி என்ட சோபாவில?” என்று கேட்டீர்கள். அந்த மனிசி இனி வாசல்படி மிதிக்கக் கூடாது, குசினியும் பூட்டு, விருப்பமில்லாவிட்டால் மாத முடிவில் வேறு இடம் பார் என்றீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன், நாலு பேரும் கேட்டோம். சீனியம்மா எழும்பி, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனா. படம் முடியவில்லை.

மாமி, கொழும்பில் ஒரு பெட்டைக்குத் தனி அறை எடுப்பது எவ்வளவு கரைச்சல் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னீர்கள். ஆனாலும் சொல்கிறேன். மெத்தைக்கு ஆள் இல்லாத வீட்டையும் ஆளுக்கு மெத்தை இல்லாத அறையையும் ஒரே ஒழுங்கையில் வைத்துக்கொண்டு, சோபாவில் ஆர் இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் காவல் நிற்க மாட்டேன். முப்பதாம் திகதி உங்கள் திறப்புக் கோர்வையை அங்கிளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மாமாவுக்கு என் அன்பு. குளிருக்குக் காலுறை போடச் சொல்லுங்கள். கோபத்தில் எழுதினாலும் உங்களுக்கு ஒரு தலையிடி, காய்ச்சல் வராமல் முருகன் காக்க வேணும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் காவல்காரி,
நிருஷா

பி.கு.: மேலே எழுதினதை அனுப்பி ஆறு நாள். அதில் நான் போகிறேன் என்று சொன்னதை வெட்டிவிடுங்கள். திறப்பைக் கொடுக்கப் போனனான், அங்கிள் வாங்க மாட்டன் என்றிட்டார். யோசெப்பின் அன்ரிக்கு விசயம் தெரிஞ்சு, ஏசுவா எண்டு பார்த்தால், அடுத்த போயாவுக்குத் தனக்கும் சாம்பிராணி போடட்டாம். சீனியம்மாவிட்ட மன்னிப்புக் கேட்கப் போனன். உங்கட சோபாவுக்காக நான் எழுதின அவ்வளவு வீரத்தையும் சொன்னன். அவ சிரிச்சா. “அந்த சோபா குத்துது புள்ள, ரெண்டு நாளு இடுப்பு வலிச்சிச்சி. தரைதான் நல்லாருந்துச்சி,” எண்டா. அடுத்த போயாவுக்குத் தான் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்றாவாம், நான் சும்மா இருக்கட்டாம், படத்தின்ட மிச்சத்தையும் பார்க்க வேணுமாம். நான் ஓம் எண்டிட்டன். ஆகவே சோபா ஒருத்தருக்கும் வேண்டாம், நீங்களே வைத்திருங்கோ. அவ எங்க இருக்கிறது எண்டது அவவின்ட இடுப்புக்கும் அவவுக்கும் உள்ள பிரச்சினை. எனக்குத் தெரிய வேண்டியது வேற. இதே கேள்வியை மூன்று தரம் அனுப்பிட்டன், மூன்றுக்கும் வாசிச்ச நீலக்கோடு விழுந்திருக்கு. மாமி, ஒராளை உள்ள வாங்கோ, சாப்பிடுங்கோ எண்டு நான் இந்த வீட்டில சொல்லலாமோ, சொல்லேலாதோ? ஒரு சொல்லில பதில் போடுங்கோ.