இரண்டு வரித் திருத்தம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தமிழுக்கு அர்ப்பணிப்பது என்று மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் மனைவி வீட்டுக்காரர்கள் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். கேட்டுக் கேட்டுத் தெருவும் அப்படியே கூப்பிட்டது. எடை மெஷின்களுக்கு நிரல் எழுதும் கம்பெனியில் வேலை. மனைவிக்கு வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை. அவள் கணினியில் நாள் முழுக்கத் திறந்திருப்பது ஓர் இலவச அகராதி. முகம் தெரியாத பல பேர் ஆர்வத்தில் சேர்ந்து எழுதியது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம்.

அந்த அகராதிக்குத்தான் மூன்று வாரமாகச் சீக்கு.

"ஏங்க, 'சொல்'னு தேடினா, அப்படி ஒரு சொல்லே இல்லைன்னு சொல்லுதுங்க."

"யாரு, அகராதியா?"

"பின்னே பக்கத்து வீட்டம்மாவா? 'கொடு' இல்லை. 'பொறு' இல்லை. 'தொல்லை' இல்லை."

"தொல்லை இல்லைன்னா நல்லதுதானே?"

"'பொய்'யும் இல்லை."

"அடடா! பொய்யே இல்லாத அகராதி!"

"விளையாடாதீங்க. அவங்க தளத்துல புகார் எழுதிப் போட்டுட்டேன். நீங்களும்தான் கொஞ்சம் பாருங்களேன்."

வெள்ளிக்கிழமை ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் பார்த்தார். இருபதே நிமிஷத்தில் பிழை கையும் களவுமாகச் சிக்கியது. 'கொ'வைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கும். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அகராதியில் இருந்தது கூட்டுக் குடித்தனம். விசைப்பலகை அனுப்பியது தனிக் குடித்தனம். ஒன்றையொன்று அடையாளமே தெரியவில்லை. தேடுவதற்கு முன்னால் பிரிந்ததைச் சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டே வரி. எழுதினார், சேமித்தார், சோதித்தார். சொல் வந்தது. பொய்யும் வந்தது.

மனைவிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தவருக்கு, சட்டென்று ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கு மச்சான் வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மச்சானிடம் ஓர் இரும்பு பீரோ இருந்தது.

போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிழையைப் பாத்தேம்மா. சின்ன விஷயம் இல்லை. அஸ்திவாரத்துலயே கோளாறு."

"ஐயையோ! எவ்வளவு நேரமாகும்?"

"ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்தா முடிச்சிடுவேன். ஆனா... உங்க அண்ணன் வீட்டு வேலை இருக்கே..."

அந்த 'ஆனா'வில் அவர் கொட்டிய சோகத்துக்குக் கல்லும் கரைந்திருக்கும். மனைவி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"தமிழா பீரோவான்னு வந்தா தமிழ்தாங்க முக்கியம். நான் அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்."

ஞாயிறு காலை ஃபிளாஸ்கில் டீ போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அவள் கிளம்பிப் போனாள். மாப்பிள்ளை காலை நீட்டினார். டீயைக் குடித்தார். செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்தார். மணி ஒன்பதாவதற்குள் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பேர்ப்பட்ட இரண்டு வரியைச் சாயங்காலம் வரை பூட்டி வைக்க எந்த மனுஷனால் முடியும்? அனுப்பிவிட்டார்.

கால் மணி நேரத்தில் அகராதியின் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. 'அபாரம்! மூன்று வாரமாக எங்கள் யாருக்கும் பிடிபடாததை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். சேர்த்தாகிவிட்டது.' கீழே வரிசையாக நன்றிகள். 'இன்றைக்குத்தான் எனக்குப் பொருள் கிடைத்தது' என்று ஓர் ஆசிரியை உருகியிருந்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று அறையை இரண்டு சுற்றுச் சுற்றினார். கண்ணாடி முன்னால் நின்று, கூடியிருந்த பெருங்கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார்.

போன் அடித்தது.

"ஏங்க, கலக்கிட்டீங்க போங்க!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புகார் குடுத்தது நானில்லையா? அங்க யார் என்ன எழுதினாலும் எனக்கு மெயில் வந்துடும். அண்ணன், அண்ணி எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டிட்டேன். அண்ணனுக்குப் பெருமை தாங்கலை!"

மாப்பிள்ளையின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"காலையிலேருந்து உயிரைக் குடுத்து உழைச்சேம்மா."

"அப்படியா? திருத்தத்துக்குக் கீழயே எழுதின நாளும் நேரமும் போட்டிருக்கே. வெள்ளிக்கிழமை, மதியம் ஒண்ணு இருபது."

மார்பு பழைய அளவுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது.

"அது வந்தும்மா... அது..."

"விடுங்க. எனக்குக் கோவமே இல்லை. எத்தனை பேருக்கு உபகாரம் பண்ணியிருக்கீங்க!"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இந்த நல்ல மனசுக்குப் பதிலாக ஏதாவது பேச வேண்டுமே என்று, ஆபத்தில்லாத ஒரு கேள்வியாகப் பார்த்துக் கேட்டார்.

"பீரோவெல்லாம் பத்திரமா மேல ஏத்தியாச்சா?"

"இல்லைங்க, கீழதான் நிக்குது. நீங்க வரமாட்டீங்கன்னு நாலு ஆளுங்களை வரச் சொல்லியிருந்தேன். உங்க வேலை முடிஞ்சதுன்னு மெயில் வந்ததும், வேண்டாம்ப்பான்னு திருப்பி அனுப்பிட்டேன்."