பொது டைரக்டரி திறக்க மாட்டேன் என்கிறது

திருமலைராயன்பட்டினம்
வியாழன், 1989

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சிரஞ்சீவி நீலகண்டனுக்கு, சித்தப்பா தங்கையன் அநேக ஆசீர்வாதம். இங்கே உன் சித்தி, தங்கை அல்லி, எருமைக் கன்று எல்லாரும் சுகம். நான் ஒருவன்தான் சோறு இறங்காமல் கிடக்கிறேன்.

எங்கள் நெல் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், என்னைத் தலைமையாகப் போட்டதும் உனக்குத் தெரியும். பிரான்சிலேயே இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது என்று பாரிஸ் போய்வந்தவரே சொன்னார். நான்கு மேசையிலிருந்தும் வயர் ஓடி உள்ளறைப் பெரிய மெஷினில் சேர்கிறது. அதற்குள் பொது டைரக்டரி என்று ஒன்று. சுற்றுவட்டார விவசாயிகள் அத்தனை பேருடைய நெல் விவரமும் அதில்தான் குவிந்து கிடக்கிறது. யாரும் தன் மேசையிலிருந்தே அதைத் திறக்கலாம். பேருக்குத்தான் அப்படி. தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்வந்தாலும் திரையில் ஒன்றும் இருக்காது.

அல்லிக்கு நாம் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா, நெடுங்காட்டுப் பஞ்சநாதனிடம், நான் விரல் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் உங்கள் நெல் விவரம் வந்து நிற்கும் என்று கொஞ்சமாகச் சொல்லி வைத்திருந்தேன். மனிதர் போன வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். தட்டினேன். வெற்றிலை போட்டார், மென்றார், துப்பிவிட்டும் வந்தார். "ஏங்க, பழைய கணக்குப்பிள்ளை இதுக்குள்ள ரெண்டு தடவை எடுத்துக் குடுத்துருப்பாரே. நீங்க சொல்றதெல்லாம் இப்படித்தானா?" என்றார். சொல்றதெல்லாம் என்றால் அல்லியின் படிப்பு, சமையல் எல்லாமும்தானே? வருகிற புதன்கிழமை மறுபடி வருகிறார். அன்றும் திறக்காவிட்டால் இந்த வரன் கை நழுவிவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. எலி கடித்ததா என்று மேசைக்கடியில் படுத்துப் பார்த்தேன், வளைந்த வயரை நிமிர்த்தினேன், அது கழன்று வந்ததைக் குமாஸ்தா சோமு திரும்பச் செருகினான், சாம்பிராணி போட்டேன், அதற்கு அவன் இருமிக்கொண்டே, "அண்ணே, மெஷின் என்ன புள்ள பெத்தவளா, பொகை போடுறீங்க?" என்கிறான். கடைசியில் மெஷின் விற்றவனுக்கு டிரங்க் கால் போட்டேன். "எத்தனை பேர் சார் ஒரே நேரத்துல தொறக்குறீங்க?" என்றான். எல்லாரும்தான். அன்றைய ராகு காலம் கழியாமல் டைரக்டரியைத் தொடக்கூடாது என்பது என் உத்தரவு. கழிந்ததும் நான் மணி அடிப்பேன், நான்கு பேரும் ஒன்றாகத் தட்டுவோம். அதுதான் கோளாறாம். சோமுவும் சேர்ந்துகொண்டு, "எல்லா மடையையும் ஒண்ணாத் தொறந்தா கடைசி வயலுக்கு எப்படிண்ணே தண்ணி ஏறும்? முன்னப்பின்ன தொறப்போம்" என்கிறான். கல்யாணப் பேச்சு நடக்கும்போது ராகு காலத்தில் கை வைக்க எனக்கென்ன பைத்தியமா? ஆகவே கடிதம் கண்டதும் பஸ் ஏறி வந்து, என் உத்தரவைத் தொடாமல் மெஷினை மட்டும் சரிசெய்து கொடு.

உனக்கும் மருமகளுக்கும் கும்பகோணத்தில் ஓர் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன். நோய் நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
சித்தப்பா தங்கையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பஞ்சநாதன் இன்றைக்கே வந்து நின்றார். ராகு காலம், கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். "அதெல்லாம் நான் பாக்குறதில்லீங்க. தொறங்க" என்றார். மற்றவர்கள் மணிக்குக் காத்திருக்க, சோமு மட்டும் தட்டினான். உடனே வந்துவிட்டது. "ராகு காலத்துலயும் வேலை பாக்குறீங்க. நம்ம கொள்கைக்கு ஏத்த சம்பந்தி நீங்கதான். தாலியையும் ராகு காலத்துலயே கட்டிருவோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மெஷினுக்காக நீ வர வேண்டாம். உன் சித்தியிடம் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். உடனே புறப்பட்டு வா.