நாக்கு மாஸ்டரும் தேநீர் நிறக் குளமும்

ஏழைகளின் வியர்வையைக் குடித்துக் கொழுத்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பணக்காரர்களின் வியர்வையைக் குடித்தும் ஒல்லியாகவே இருக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் யாங்கூனில் இருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. நாக்கு மாஸ்டர் என்றால் தெரியும்.

பெரிய வீடுகளின் கொல்லைப்புற நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்வது அவர் தொழில். மற்ற ஆட்கள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்த்து குளோரின் அளவு சொல்வார்கள். மாஸ்டர் குளத்தோரம் குந்தி, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடிக் கொப்பளித்து, பக்கத்தில் இருக்கிற செடிமேல் துப்புவார். அப்புறம் தீர்ப்பு: "குளோரின் பத்தல. புளிப்பு தூக்கல். சோடா உப்பு ரெண்டு குவளை போடு." நம்பாத வீட்டுக்காரர் ஒருவர் கண்ணாடிக் குழாயில் சோதித்துப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. செடிதான் பிழைக்கவில்லை.

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். அதன்பிறகு தன்லியினில் செருப்புத் தொழிற்சாலை, லத்தா சந்தையில் மூட்டை, பஸ் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கத்துகிற வேலை. எதுவும் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை. முப்பத்து மூன்று வயதில் மாஸ்டரிடம் வந்து சேர்ந்தேன். அவருக்கு அறுபது. பசுந்தாங்கில் ஓர் இரும்புப் பட்டறையின் பரணில் இரண்டு பேரும் படுத்தோம். கீழே வெல்டிங், மேலே தகரம். கோடையில் இரண்டு பக்கமும் வெந்துவிடும். திருப்பிப் போட ஆள் தேவையில்லை.

மாஸ்டரிடம் ஒரே கோளாறு. அவர் நாக்கில் உண்மை மட்டும்தான் வரும்.

ஒரு வியாபாரி வீட்டில் குளத்துத் தண்ணீரைச் சுவைத்துவிட்டு, "இதுல நாய் குளிச்சிருக்கு" என்றார்.

"எங்க வீட்ல நாயே இல்லையே?"

"அப்ப உங்க தம்பிதான்."

அந்த வீடு போயிற்று. இன்னொரு வீட்டில் முதல் நாள்தான் பிறந்தநாள் விருந்து முடிந்திருந்தது. விருந்தாளிகள் இன்னும் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கொப்பளித்தார், துப்பினார், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எறங்குன ஆளுங்க ஒருத்தரும் ஒண்ணுக்குப் போக வெளிய வரல போலருக்கே."

அந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் நான் கேட்டேன். "மாஸ்டர், ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?"

"சொல்லலாம் தம்பி. வாய் கோணிக்கிது."

இப்படியே ஐந்து வீடுகள் கையைவிட்டுப் போயின. மார்ச்சில் பட்டறைக்காரர் புது இயந்திரம் வருகிறது, ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்குள் பரணைக் காலி பண்ணுங்கள் என்றார். போக இடமில்லை. எனக்குப் பரவாயில்லை. படகுத்துறையில் படுத்திருக்கிறேன், பஸ்ஸுக்கு அடியிலும் படுத்திருக்கிறேன். மாஸ்டருக்கு முட்டி மடங்கினால் நிமிராது. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும்.

அப்போதுதான் டோ மியா என்ற அம்மாள் ஆள் அனுப்பினார். பஹான் பக்கம் பெரிய வீடு, கணவர் இல்லை, பக்தி அதிகம். திருவிழாவுக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். பேரப்பிள்ளைகள் குளிக்க வேண்டும். திருவிழாவுக்குள் குளம் நீலமாகிவிட்டால் மோட்டாருக்குப் பக்கத்து அறையில் நாங்கள் தங்கிக்கொண்டு வருஷம் முழுக்கக் குளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுக்கூரை, ஒரு ஜன்னல், சிமெண்டுத் தரை. மாஸ்டர் அந்த அறையின் கதவை ஏழெட்டுத் தரம் திறந்து மூடிப் பார்த்தார்.

குளத்தை நாலு மழைக்காலமாக யாரும் தொடவில்லை. தண்ணீர் பச்சையாக, கெட்டியாக இருந்தது. நாற்று நட்டால் வளரும். மாஸ்டர் அதிலும் கையை விட்டார்.

"ஐயோ மாஸ்டர், வேணாம்! செத்துருவீங்க!"

"சும்மா இரு." கொப்பளித்தார். "கெளுத்தி இருக்கு. விரால் ஒண்ணு. கெழடு."

இருந்தன. சின்னதும் பெரிதுமாக இருபத்தேழு. டோ மியா மாஸ்டரை 'சயா', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார். படியில் நின்றுகொண்டு பர்மிய மொழியில் சட்டம் போட்டார். "சயா, இதுல ஒரு உயிர் போனாலும் குளமும் வேணாம், நீங்களும் வேணாம். புது வருஷத்தன்னைக்கு எல்லாத்தையும் ஏரியில விடணும். எனக்குப் புண்ணியம்."

வற்றுகிற இடத்து மீனை எடுத்து, தண்ணீர்த் திருவிழா முடிந்து பிறக்கிற புது வருஷத்தில் பெரிய நீரில் விடுவது அந்த ஊர் வழக்கம். அதுவரை அவை நிழலில் இருக்க வேண்டும். அந்தக் கொல்லையில் நிழல் இருந்த ஒரே இடம் எங்கள் அறை. மூன்று பிளாஸ்டிக் டிரம்களோடு எங்களுக்கு முன்னால் மீன்கள் குடிபோயின.

அவற்றைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. தண்ணீரை இறைக்க இறைக்கச் சேற்றில் விழுந்து விழுந்து பிடித்தோம். ஒரு கெளுத்தி மாஸ்டரின் கால் கட்டைவிரலில் குத்தியது. விரல் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிவிட்டது. விரால் கடைசிவரை அகப்படவில்லை. மாஸ்டர் சேற்றில் நின்றுகொண்டு அதனிடம் கெஞ்சினார். "வாங்க பெரியவரே. வேற வீடு பாத்தாச்சு. காத்து வரும், ஜன்னல் இருக்கு." அது வந்தது. வெட்கமில்லாத மீன்.

டோ மியா தினமும் காலையில் வந்து டிரம்களுக்குள் எட்டிப் பார்த்து எண்ணுவார். இருபத்தேழு. சரி. அப்புறம்தான் எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு வாரம் பாசி சுரண்டினோம், ஓடு பதித்தோம். கரண்டு இஷ்டத்துக்கு வரும், போகும். வந்த நேரத்திலெல்லாம் மோட்டாரைப் போட்டு ஆழ்குழாய்த் தண்ணீரால் குளத்தை நிரப்பினோம். நிரம்பிய அன்று மாஸ்டர் தெருமுனைக்குப் போய்விட்டுக் கன்னம் உப்ப வந்தார்.

"மாஸ்டர்! வெத்தலையா?"

நாக்குக்காக இருபது வருஷம் வெற்றிலை, மிளகாய், சூடான டீ எதையும் தொடாத மனிதர் அவர். "இன்னைக்கு ஒரு நாள்தான் தம்பி. வீடு கெடைச்சிருக்குல்ல." சிவந்த வாயோடு குந்தி, ஒரு கை அள்ளினார். "ஆகா. எளநீர் மாதிரி இருக்கு. குளோரினப் போடு."

போட்டேன்.

ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகச் சிவந்துவிடும். மாஸ்டரின் நாக்கு இரும்பை ஒரு சொட்டில் கண்டுபிடிக்கும். அன்று அது சுண்ணாம்பிலும் புகையிலையிலும் மரத்துக் கிடந்தது. மறுநாள் காலையில் குளம் நிறைய நல்ல தேநீர்.

டோ மியா வந்து பார்த்தார். "சயா, நான் குளம்தானே கேட்டேன்? பால் ஊத்துனா டீக்கடையே வெச்சிடலாம் போலருக்கே. யாரோட தப்பு இது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவருடைய வீங்கிய கட்டைவிரலை மிதித்தேன். அவர் "ஆ!" என்று கத்துகிற இடைவெளியில் நான் முந்திக்கொண்டேன். "நான்தாம்மா. அளவு தெரியாம மருந்தைக் கொட்டிட்டேன்."

"நாலு நாள்ல சரி பண்ணுங்க. அப்புறம் சயா இங்க இருக்கலாம். நீ கெளம்பிடு."

தண்டனை எனக்குப் பழக்கமானதுதான். உண்மையைச் சொல்ல நொண்டிக்கொண்டு கிளம்பிய மாஸ்டரை, முதலில் குளம் தெளியட்டும் என்று சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

லத்தாவுக்குப் போய்ப் படிகாரம் வாங்கி வந்தேன். பொடித்துத் தூவி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் அசையாமல் காவல் இருந்தோம். துரு மெல்ல அடியில் படிந்தது. அதை மோட்டார் வைத்து இழுக்கலாம் என்றால் கரண்டு இல்லை. குளம் மேட்டில், தெருச் சாக்கடை பள்ளத்தில். மாஸ்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையை அடியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். ஒரு வாய் துரு வந்தது. துப்பிவிட்டு, "இரும்பு" என்றார். அது இரண்டு நாள் கழித்து வந்த தீர்ப்பு. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். பல்லெல்லாம் செம்மண் நிறம். மறுபடியும் படிகாரம், மறுபடியும் குழாய்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் குளம் நீலமாக இருந்தது. அடியில் கிடந்த ஒரு பொத்தான்கூடத் தெரிந்தது. மதியத்துக்குள் சிங்கப்பூர்க்காரர்கள் வந்தார்கள். மகன் ஒரு கருவியை முக்கிப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினான். பிள்ளைகள் உடுப்போடு குதித்தன. டோ மியா அக்கம்பக்கத்தாரையெல்லாம் அழைத்து, வெல்லம் வைத்த அரிசி உருண்டையில் தேங்காய்த் துருவல் தூவித் தட்டில் நீட்டிக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் மாட்டினேன்.

மாஸ்டர் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு நேராக டோ மியாவிடம் நொண்டிக்கொண்டு போனார். நான் பின்னாலிருந்து கையைக் காலை ஆட்டினேன். பயனில்லை.

"அம்மா, வெத்தல போட்டது நான். நாக்கு செத்துப்போச்சு. குளோரின் போடச் சொன்னதும் நான்தான். இவன் எனக்காகப் பொய் சொன்னான். போறதுன்னா நான்தான் போவணும்." கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. இந்தத் தேங்கா ஊசிப்போச்சு. பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

விருந்தாளிகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். டோ மியா ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார். முகம் மாறியது. தட்டை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்து, கொட்டிவிடச் சொன்னார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துப் பார்த்தார்.

"அந்த ரூம்ல இருபத்தேழு மீன் இருக்கு. ரெண்டு மனுசனுக்கு இடமில்லாமப் போச்சா? பைய உள்ள வை."

டிரம்களுக்கு நடுவில் பாய் விரித்தோம். வெளியே பிள்ளைகளின் கூச்சல். விரால் எங்கள்மேல் தண்ணீர் தெறிக்கவிட்டுத் தன் பங்குக்குத் திருவிழா கொண்டாடியது. நல்ல சித்திரை வெயில். காற்று வருவது ஜன்னல் பக்கம் மட்டும்தான். மாஸ்டர் தன் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். "எனக்குக் காத்து ஆவாது தம்பி. புழுக்கந்தான் புடிக்கும்" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.