தாய்மாமன் பெயர் எந்த சைஸ்?

போடி,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான கூடலூர் மச்சான் செல்வமணி அவர்களுக்கு, ஞானசிகாமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை அன்னத்தாயும் தேவகிருபையால் சுகம். தங்கள் வீட்டாரின் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

இப்பவும், மூத்தவள் இவாஞ்சலினின் கல்யாண அட்டையைத் தாங்கள் பஸ்ஸில் திருப்பி அனுப்பியது கிடைத்தது. நியாயம்தான். தாய்மாமன் பெயரை அடியில், பொடி எழுத்தில், அதுவும் சாம்பல் நிறத்தில் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் குற்றம் என்னுடையதல்ல மச்சான். கோயம்புத்தூரில் டிசைன் படிக்கிற இளையவள் எப்சிபாவுக்கு இந்த அட்டைதான் ப்ராஜெக்ட். சிவப்பு வெல்வெட்டில் தங்க எழுத்து, இரண்டு பக்கமும் புறா, உறவுக்காரர் அறுபது பேர் பட்டம் பதவியோடு என்று கேட்டேன். அவளோ முக்கால்வாசி அட்டையை வெறுமனே விட்டு, ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி நாலு வரி போட்டாள். ஏன் ஆத்தா என்றால், "கண்ணு மூச்சு விடணும்ப்பா" என்கிறாள். "கண்ணு மூச்சு விடும், எங்கண்ணன் பேச்சை விட்டுருவாகளே" என்று தங்கள் தங்கை அன்றைக்கே அழுதாள். போதகர் ஐயா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அச்சடித்து வந்ததும் காட்டுங்கள் என்றார். ஏலக்காய்க் கடை சங்கரலிங்கம் காலி இடத்தைப் பார்த்துப் பேத்திக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டு, கல்யாணம் யாருக்கு என்று போனில் கேட்கிறார். இந்த அழகுக்குக் கல்லூரியில் முதல் மார்க்காம். எழுத்துகளில் ஏற்றத்தாழ்வை அருமையாகக் காட்டியிருக்கிறாளாம். ஏற்றத்தாழ்வைக் காட்ட நம்ம குடும்பத்துக்கு வாத்தியார் வேற வேணுமா மச்சான்?

போன வருஷம் தங்கள் புதுவீட்டு ஜெப அட்டையில் என் பெயர் பந்தல்காரர் சுருளியாண்டிக்கும் கீழே வந்ததே, அதை நான் மனசுல வச்சேனா? ஒரு நாளாவது வாய் திறந்திருப்பேனா? ஏழாவது வரி, இடது ஓரம், இனிஷியல்கூட இல்லை. அன்றைக்கே மறந்துட்டேன். அதுபோலத் தாங்களும் இதை மறந்து, வருகிற புதன்கிழமை மாலையோடு வரவேண்டும். தாய்மாமன் மாலை போடாம கோயிலுக்குக் கிளம்ப மாட்டேன்னு இவாஞ்சலின் மூணு நாளா சரியாச் சாப்பிடலை. அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சமாதானத்தின் தேவன் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பாராக.

தாழ்மையுள்ள மாப்பிள்ளை,
அ. ஞானசிகாமணி, பி.காம்.,
சபை முன்னாள் பொருளாளர்.

பின்குறிப்பு: மாமா, நான் எப்சிபா. கவரை ஒட்டச் சொல்லி அப்பா என்னிடம் தந்தார். நான் முதலில் செய்த அட்டையின் ப்ரூஃபையும் உள்ளே வைத்திருக்கிறேன். அதில் முதல் வரியே உங்கள் பெயர்தான், பெரிய எழுத்தில். அதைச் சுழித்து, "அடியில போடு, பொடிசா" என்று பச்சை மையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இந்தக் கடிதம் எந்த மையில் இருக்கிறது என்றும் பாருங்கள். காலி இடம் மட்டும் என் வேலை, அதற்கு நான் பொறுப்பு. மண்டப வாசல் பேனர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. உங்கள் பெயரை மேலே போட்டுவிட்டேன். அப்பா பெயர் எந்த சைஸ் என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.