பேண்டேஜில் ஒரு முடி

மேனேஜர் இம்மானுவேல் அந்த முடியை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினார். தூக்கினார், தூக்கினார், கை தலைக்கு மேலே போன பிறகும் மறு நுனி பேண்டேஜ் சுருளுக்குள்ளேயே கிடந்தது.

"யாரு முடிம்மா இது?"

கேட்டிருக்கவே வேண்டாம். ராஜபாளையத்துப் பக்கம் இருந்த அந்த பேண்டேஜ் கம்பெனியில் இடுப்புக்குக் கீழே முடி வைத்திருந்தது சத்யப்பிரியா ஒருத்திதான். அதைவிடக் கொடுமை, சுருளில் தூசி, நூல், முடி ஏதும் கிடக்கிறதா என்று சோதித்து அனுப்பும் வேலையும் அவளுடையதுதான்.

"என்னுதுதான் சார். கொட்டுது."

"கட்டுப் போடத் துணி கேட்டா சவுரி அனுப்பிருக்கியளேன்னு ஆஸ்பத்திரிக்காரன் கேக்கான். பேசாம கழுத்தோட வெட்டிருங்க."

"வேலைய வேணா விடுதேன் சார். முடிய வெட்ட மாட்டேன்."

"அப்ப கொட்டுறத நிறுத்துங்க. பேண்டேஜா, ஒங்க முடியா, ரெண்டுல ஒண்ணுதான் இந்தக் கம்பெனிக்குள்ள இருக்கலாம்."

அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் சத்யப்பிரியா. அந்த வேலையை விடுவதாவது! முடியை விடுவது அதைவிட முடியாத காரியம். பள்ளிக்கூடத்தில் அவளிடம் நல்ல செருப்பு இருந்ததில்லை, நல்ல பை இருந்ததில்லை. திரும்பிப் பார்க்க வைத்தது அந்தச் சடை ஒன்றுதான்.

பக்கத்து மிஷினில் நிற்கும் பியூலா வழி சொன்னாள். "இறுக்கிக் கொண்டை போட்டு ரெண்டு தொப்பி மாட்டுக்கா. எப்படி வெளிய வருதுன்னு பாப்போம்."

வெளியே வரவில்லை. உள்ளேயே கொத்தாகக் கழன்றது. இழுத்துக் கட்டிய இழுப்பில் காதுக்கு மேலே இருந்த முடியும் விடைபெற்று, நெற்றி இரண்டு பக்கமும் அகலமாகிக்கொண்டே போனது.

வீட்டில் அம்மா முனீஸ்வரி வைத்தியத்தைக் கையில் எடுத்தாள். "எல்லாம் போர் தண்ணி. உப்பு அம்புட்டையும் அரிச்சுருது. சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேய்."

தேய்த்தாள். தலை அரித்துப் பொரிந்தது. பஞ்சுக்கு வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு என்பதை அம்மாவும் யோசிக்கவில்லை, மகளும் யோசிக்கவில்லை. மேனேஜர் குடோனுக்குள் மூக்கைச் சுழித்துக்கொண்டு வந்தார்.

"யாரும்மா இங்க பிரியாணி கிண்டுறது?"

வெங்காயம் நின்றது. அம்மா நிற்கவில்லை. "அது சூட்டு ஒடம்பு. இனிமே கறி, முட்டை, கருவாடு எதுவும் கெடையாது. மோரும் வெள்ளரிக்காயுந்தான்."

மோர் குடித்துக் குடித்துச் சத்யப்பிரியாவுக்குத் தலை சுற்றியது. சீப்பில் குருவிக்கூடு கட்டலாம் போலச் சுருண்டு வந்தது முடி.

"எம்புட்டுப் படிச்ச! புத்தகச் சூடுதான் மண்டைக்கு ஏறிருச்சு" என்றாள் அம்மா.

"ஒம்மவன் எட்டாப்பத் தாண்டல. அவன் மண்டைக்கு எந்தச் சூடு ஏறுச்சு?"

அண்ணன் தவசிமுத்துவுக்கு முப்பது வயதிலேயே உச்சி வரை நெற்றி.

"அவன் ஆம்பள. ஆம்பளைக்கு வழுக்கைன்னா கௌரவம்."

"எனக்குக் கொட்டுனா மட்டும் கேவலமா?"

"ஏட்டி, வாயக் கொறச்சாலே பாதி முடி நிக்கும்."

அந்தக் கோபத்தில் பஸ் ஏறியவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் அனுசியா முன்னால் போய்த்தான் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீர், வெங்காயம், மோர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சமீபத்துல காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"பங்குனியில டெங்கு. ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"அதான். பெரிய காய்ச்சல் வந்தா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொட்டும். பொறவு தானா நிக்கும். ஒங்களுக்கு ரத்தமும் கம்மியா இருக்கும் போல, டெஸ்ட் எடுத்துப் பாத்து மாத்திர தாரேன். இறுக்கிக் கட்டாதீங்க. கறி, முட்டை, கீரைன்னு நல்லாச் சாப்பிடுங்க. வெங்காயத்த மண்டையில தேய்க்காதீங்க, கொழம்புல போடுங்க."

"எங்க அண்ணனுக்கு டாக்டர்?"

"அது பரம்பரையில வாரது. அதுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே கெடையாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அம்மாவிடம் சொல்வதற்காகவே அவள் வீட்டுக்குப் பறந்தாள்.

மாத்திரை உள்ளே போனது, கருவாடும் கூடவே போனது. ஆவணி முடிவதற்குள் சீப்பு சுத்தமானது. காதோரம் குட்டி முடிகள் புல்லு மாதிரி எட்டிப் பார்த்தன. சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த இம்மானுவேல், "சுத்தம்! இனி ஒரு கத்திரி ஒங்க பக்கம் வராது" என்றார். சத்யப்பிரியாவுக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெருமாள் கண்ணத் தொறந்துட்டாருட்டி. புரட்டாசிச் சனிக்கெழம நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போறோம்."

"தொறந்தது டாக்டரம்மா."

"ரெண்டு பேருக்கும் நன்றி சொன்னா ஒனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

சரிதான் என்று பட்டது. சனிக்கிழமை தலைக்குக் குளித்து, சடையைத் தளரப் பின்னி, மல்லிகைப்பூவைத் தாராளமாக வைத்துக்கொண்டு, அம்மா அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கோயிலுக்குப் போனாள். எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். அம்மா துளசி மாலை வாங்கக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். அப்பா பேச்சிமுத்து கையில் ஒரு சீட்டோடு மொட்டை போடும் கொட்டகைக்கு அவளை அழைத்துப் போனார்.

அப்பாவுக்கு அறுபது வயதிலும் அடர்த்தியான சுருட்டை முடி. சத்யப்பிரியா அதை ஒரு தடவை பார்த்தாள், சீட்டை ஒரு தடவை பார்த்தாள். இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசாத மனிதர், மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்தாரா!

"அப்பா, எனக்காகவா நேந்துக்கிட்டீக?"

"ஒனக்காகத்தான் தாயி."

கத்தியில் புது பிளேடை மாட்டிய நாவிதர் மணையைத் தட்டினார். "சட்டுன்னு உக்காருங்க, கூட்டம் நிக்கு."

"உக்காருங்கப்பா" என்று அப்பாவின் துண்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

அப்பா உட்காரவில்லை. அவள் சடையிலிருந்து மல்லிகைப்பூவைப் பதமாகக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"எனக்கில்ல தாயி. ஒனக்கு முடி கொட்டுறது நின்னா, ஒந்தலைய மொட்டை போடுதேன்னு ஒங்கம்மா நேந்துருக்கா."