நீலப்பொடி இல்லாத நாடு

மலைக்கு அந்தப் பக்கம் மேகநல்லூர் என்றொரு நாடு இருந்தது. அங்கே நீலப்பொடி என்ற போதைப்பொடியை மூக்கில் இழுப்பவர்கள் எத்தனை பேர், ஏன் இழுக்கிறார்கள், எந்தச் சிகிச்சையில் மீள்கிறார்கள் என்று ஆராய அரசர் ஆணையிட்டார். ஆராய்ச்சியாளர் பொன்மணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுடைய அண்ணன் மாசிலன் ஆறு வருடம் பொடியில் கிடந்தவன். இப்போதுதான் ஊர்க்கோடி சிகிச்சை இல்லத்தில், சோறு ருசிக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தான்.

"கணக்கெடுப்பு ராஜ மரியாதையோட நடக்கணும்" என்றார் பொடி ஒழிப்பு மந்திரி கனகசபாபதி. ஆகவே முன்னால் முரசு, பின்னால் சவுக்கோடு இரண்டு சிப்பாய்கள், நடுவில் கேள்வித்தாளோடு பொன்மணி.

"நீங்க நீலப்பொடி இழுப்பீங்களா?"

மூக்கு நுனி நீலமாக இருந்தவரும், "அப்படின்னா என்னங்க?" என்றார்.

முடிவு: பூஜ்யம். வாணவேடிக்கை நடந்தது. நோயாளியே இல்லாத நாட்டில் சிகிச்சை இல்லம் எதற்கு என்று அதை மூட ஆணை வந்தது. நோயாளி இருப்பதாகச் சொல்பவருக்கு ஆறு மாதம் சிறை என்று இன்னோர் ஆணையும் வந்தது. இல்லத்தை மூடினால் பொன்மணியின் அண்ணன் பொடி விற்கும் பழைய சந்துக்கேதான் போவான்.

மறுநாள் காலை தலைமைச் சிப்பாய் பூட்டோடு வந்தார். உள்ளே முப்பத்தொரு பேர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கெளம்புங்க!"

"யாரைச் சொல்றீங்கண்ணே?" என்றாள் அண்ணனைப் பார்க்க வந்திருந்த பொன்மணி.

"இந்த நோயாளிங்களத்தான்."

"மெதுவாச் சொல்லுங்கண்ணே. ஆறு மாசம் உள்ள போட்டுருவாங்க."

சிப்பாய் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். இல்லாதவர்களை வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை. "காலி பண்ணியாச்சுன்னு எழுதிக்கிறேம்மா" என்று சொல்லி, கொடுத்த நான்கு இட்லியையும் தின்றுவிட்டுப் போனார்.

சேதி பரவியது. இல்லாத இல்லத்துக்குள் இல்லாத நோயாளியைப் பிடிக்க யார் வருவார்? ஜனங்கள் பயமில்லாமல் வந்து குவிந்தார்கள். முரசும் சவுக்கும் இல்லாததால், கேட்டதற்கெல்லாம் வாய்விட்டுப் பதில் சொன்னார்கள். பொன்மணியின் ஆராய்ச்சி கிடுகிடுவென வளர்ந்தது. மாசிலன் வருகிறவர்களுக்குப் பாய் விரித்து, கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். அதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்தது.

ஒரு மத்தியானம், முக்காடு போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். முக்காடு நழுவியது. மந்திரி கனகசபாபதி! கூடமே கொல்லென்று சிரித்தது. பொன்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"எத்தனை வருஷமா இழுக்கிறீங்கய்யா?"

மந்திரி குரலைத் தாழ்த்தினார். "பூஜ்யம்னு அறிவிச்ச அன்னிக்குத்தாம்மா ஏழு வருஷம் முடிஞ்சுது."